வடக்கே நின்ற சித்திரை

சிட்னியிலிருந்து வடமேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் நராப்ரி வரும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்புறத்தில், நமோய் ஆற்றுச் சமவெளியில் இருக்கும் சிறிய ஊர். பருத்தியும் கோதுமையும் விளைகிற, சரக்கு லாரிகள் நின்று போகிற ஊர். ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கடற்கரைகளையும் பவளத் திட்டுகளையும் தேடிப் போவார்கள். இந்தப் பக்கம் வருவதில்லை. என்னை அங்கே இழுத்தது ஒரு விண்மீன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த விண்மீனுக்கு அளவு பிடித்த இடம் அது என்பது.

சிட்னியில் வாழும் நண்பரின் மகள் காரை ஓட்டினாள். பொறியியல் படிக்கிற பெண். வீட்டில் தமிழ் பேசியே வளர்ந்தவள். ஹன்டர் பள்ளத்தாக்கின் நிலக்கரி ஊர்களைக் கடந்து, வில்லோ ட்ரீ என்னும் சிற்றூரில் பிரதான நெடுஞ்சாலையை விட்டுக் கமிலராய் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பெயரே சாலைக்கும். குனடாவைத் தாண்டியதும் நிலம் கண்ணுக்கு எட்டிய வரை மட்டமாக விரிந்தது. நல்ல கரிசல். வெயிலில் வெடித்து, மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும் அதே கறுப்பு மண். ஏப்ரல் அங்கே இலையுதிர் காலம், பருத்தி எடுக்கிற பருவம். ஆள் யாரையும் வயலில் காணோம். பெரிய இயந்திரங்கள் பருத்தியை எடுத்து, சுருட்டி, மஞ்சளும் இளஞ்சிவப்புமான உறை போட்டு ஆளுயரப் பொதிகளாக உருட்டி விட்டிருந்தன. சாலையோரப் புல் நெடுகிலும் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. கிழக்கே நந்தேவர் மலைத்தொடர், அதன் உச்சியில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் கபுடார் சிகரம். எப்போதோ கனன்று அணைந்த எரிமலையின் மிச்சம்.

நான் தேடி வந்த விண்மீன் நம் எல்லோருக்கும் பழக்கமானது. நாம் சித்திரை என்கிறோம். உலக வானியலில் அதற்கு ஸ்பைக்கா என்று பெயர். கன்னி ராசியின் மிகப் பிரகாசமான விண்மீன். ஆதிரையையும் சுவாதியையும் போல ஒற்றை மீனாக நிற்கும் நட்சத்திரம். நம் ஆண்டின் முதல் மாதத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான். அந்த மாதத்தின் முழுநிலா அதன் அருகே வந்து நிற்கும். சித்திரை முதல் நாளில் சூரியன் மேஷ ராசியின் தொடக்கத்தில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, வான வட்டத்தின் 180 பாகை தள்ளி, இந்த விண்மீன். சூரியனுக்கு எதிரே இருப்பது நள்ளிரவில் உச்சத்துக்கு வரும். ஆகவே தமிழ்ப் புத்தாண்டு அன்றைய இரவு, கடிகாரம் பன்னிரண்டை நெருங்கும்போது, சித்திரை தன் பாதையின் மிக உயர்ந்த இடத்தில் நிற்கும். அந்த இரவை நராப்ரியில் கழிக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. அந்த வாரம் இரவில் நிலாத் தொந்தரவும் இல்லை.

நராப்ரிக்கும் நமக்கும் இடையில் ஒரு மனிதர் இருக்கிறார். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் ஏறினால் வெலிங்டனை அடுத்து அருவங்காடு நிலையம் வரும். பள்ளத்தில் பச்சைக்கு நடுவே வெடிமருந்துத் தொழிற்சாலை தெரியும். கார்டைட் ஃபேக்டரி என்று அந்தப் பக்கத்தார் இன்றும் சொல்வார்கள். அங்கே பணியாற்றிய ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் மகனாக 1916 ஆகஸ்ட் 31 அன்று பிறந்தவர் ராபர்ட் ஹேன்பரி பிரவுன். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். படித்தது மின்பொறியியல். இருபது வயதில் ரேடார் வேலைக்குப் போனார். விமானத்துக்குள் ரேடாரைப் பொருத்திப் பறக்கவிட்ட முதல் குழுவில் ஒருவர். போருக்குப் பிறகு மான்செஸ்டர் அருகே ஜோட்ரல் பேங்க் வானொலி வானியல் நிலையத்தில் சேர்ந்தார். வானியல் அவர் பாடமாகப் படித்த துறையல்ல என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வானியலாளர்கள் விண்மீனைப் பார்க்கும்போது உருவத்தைத் தேடினார்கள். ரேடார் பொறியாளரான இவர் அதே ஒளியில் இரைச்சலைக் கேட்டார்.

விண்மீன்கள் ஏன் புள்ளிகளாகவே தெரிகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோள்களைத் தொலைநோக்கியில் பார்த்தால் வட்டமாக விரியும். விண்மீன் விரியாது. எவ்வளவு பெரிய ஆடி வைத்தாலும், நம் காற்று மண்டலத்தின் கொதிப்பு ஒளியைக் கலக்கி ஒரு சிறு மினுங்கல் திட்டாகத்தான் காட்டும். சித்திரையின் உண்மையான கோண அகலம் ஒரு விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒரு ரூபாய் நாணயத்தை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ பிடித்துக்கொண்டு நிற்க, அதன் விட்டத்தை இங்கிருந்து அளக்கச் சொன்னால் எப்படியோ அப்படி. விலகி நிற்கும் இரண்டு ஆடிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து அளக்கலாம் என்று இயற்பியலாளர் மைக்கல்சன் காட்டியிருந்தார். 1920-இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் செந்நிறப் பேருருவான திருவாதிரை விண்மீனை அவரும் வானியலாளர் பீஸும் அப்படித்தான் அளந்தார்கள். ஆனால் அந்த முறையில் இரண்டு ஒளிப் பாதைகளும் ஒளியின் அலைநீளத்தின் ஒரு பகுதிக்குள் சமமாக இருந்தாக வேண்டும். ஆடிகளைச் சில மீட்டருக்கு மேல் விலக்கினால் எஃகுச் சட்டத்தின் வளைவும் காற்றின் நடுக்கமும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். திருவாதிரை மிகப் பெரியது, அதனால் அந்த அளவுக்குள் அகப்பட்டது. நீல வெண்மையாக எரியும் சிறிய, கடுஞ்சூட்டு விண்மீன்கள் எட்டவில்லை.

ஹேன்பரி பிரவுனின் யோசனை வேறு வழியில் போனது. ஒளியின் அலைகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம். இரண்டு இடத்தில் இரண்டு ஆடிகளை வை. ஒவ்வொன்றும் பெறுகிற ஒளியை மின்னோட்டமாக மாற்று. எந்த ஒளியும் சீராக வருவதில்லை. நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறியும் இறங்கியும் வருகிறது. அந்த ஏற்ற இறக்கங்களைக் கம்பிவழியே ஒரு அறைக்குக் கொண்டுவந்து ஒப்பிடு. ஆடிகள் அருகருகே இருக்கும்போது இரண்டின் ஏற்ற இறக்கங்களும் ஒத்துப்போகும். விலக்கிக்கொண்டே போனால் ஒற்றுமை தேயும். எந்தத் தூரத்தில் தேய்கிறது என்பது விண்மீனின் அகலத்தைச் சொல்லிவிடும். சிறிய விண்மீனாக இருந்தால் வெகுதூரம் விலக்கும் வரை ஒற்றுமை நிற்கும்.

முதலில் வானொலி அலைகளில் சோதித்தார்கள். ரோஜர் ஜென்னிசனும் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் அந்த வேலையில் இருந்தார்கள். பிறகு அதை ஒளிக்குக் கொண்டுவந்தபோது கணக்கை எழுதித் தந்தவர் ரிச்சர்ட் ட்விஸ். அவர் பிறந்தது சிம்லாவில். 1955 குளிர்காலத்தில், ராணுவத்தின் பழைய தேடுவிளக்கு ஆடிகள் இரண்டை எடுத்து, ஜோட்ரல் பேங்கின் மேகமூட்டத்துக்கு இடையே கிடைத்த 18 மணி நேர ஒளியை வைத்து, சிரியஸ் விண்மீனை அளந்து காட்டினார்கள்.

இயற்பியலாளர்களில் பலர் நம்பவில்லை. ஒளி துகள்களாக வருகிறது. ஒரு துகள் ஒரு ஆடியில் விழுந்தால் மற்றொரு துகள் இன்னொரு ஆடியில் விழுவதற்கும் அதற்கும் என்ன உறவு இருக்க முடியும் என்று கேட்டார்கள். சிலர் தங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று அறிவித்தார்கள். எட்வர்ட் பர்செல் என்ற நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் 1956-இல் எழுதிய சிறு கட்டுரையில், ஹேன்பரி பிரவுனும் ட்விஸும் சொல்வது சரி, வெப்பத்தால் ஒளிரும் எதன் துகள்களும் கொஞ்சம் கூட்டமாகத்தான் வரும் என்று விளக்கினார். அந்த விவாதத்தின் தொடர்ச்சியில்தான் ராய் கிளாபர் ஒளியின் குவாண்டம் கோட்பாட்டை 1963-இல் வடித்தார். 2005-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. விண்மீனின் அகலத்தை அளக்கப் போன ஒரு பொறியாளர் இயற்பியலின் ஒரு புதிய கிளைக்கு வித்திட்டது எனக்கு எத்தனை முறை படித்தாலும் சிலிர்ப்பைத் தருகிற கதை.

கதையின் நடுப்பாகம் நடந்தது இந்த நராப்ரியில். மான்செஸ்டர், சிட்னி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் கருவியை நிறுவின. 188 மீட்டர் விட்டத்தில் வட்டமாக ஒரு தண்டவாளம். அதன்மேல் இரண்டு வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் ஆறரை மீட்டர் அகலத்தில், அறுகோணக் கண்ணாடிகள் 252 சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய ஆடி. வட்டத்தின் நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து தொங்கும் கம்பிகள் வழியே இரு ஆடிகளின் மின்னோட்டமும் கட்டுப்பாட்டு அறைக்கு வரும். விண்மீன் கிழக்கிலிருந்து மேற்கே நகர நகர, வண்டிகள் இரண்டும் தண்டவாளத்தில் ஊர்ந்து அதைத் தொடரும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பத்து மீட்டரிலிருந்து 188 மீட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆடிகளுக்குத் தொலைநோக்கியின் நேர்த்தி தேவையில்லை. ஒளியை அள்ளி ஓரிடத்தில் கொட்டினால் போதும். காற்றின் மினுங்கலும் அந்த அளவைக் கெடுப்பதில்லை. 1963-இல் அளவெடுப்பு தொடங்கியது. 1970-களின் தொடக்கத்தில் முடிந்தபோது 32 விண்மீன்களின் அகலம் கையில் இருந்தது.

அந்த முப்பத்திரண்டில் பெரும்பாலானவை நீல வெண் விண்மீன்கள், வெண் விண்மீன்கள். அது விருப்பத்தால் நேர்ந்ததல்ல. இந்த முறைக்கு உயிர்நாடி விண்மீனின் மேற்பரப்புச் சூடு. குறிப்பிட்ட ஒரு நிறத்தில், மேற்பரப்பின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் எவ்வளவு ஒளித்துகள்கள் அடர்ந்து வருகின்றன என்பதைப் பொறுத்தே ஒற்றுமை தெரியும். சூடு குறைந்த சிவப்பு விண்மீன் அதே பிரகாசத்தைக் காட்ட வேண்டுமானால் மிகப் பெரிதாக இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வரும் ஏற்ற இறக்கங்கள் ஒரே ஆடியின் அகலத்துக்குள்ளேயே ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே மைக்கல்சனின் கருவிக்குச் சிவந்த பேருருவங்கள் கிடைத்தன. அவருக்கு எட்டாத நீல வெண் விண்மீன்கள் எல்லாம் நராப்ரிக்குக் கிடைத்தன. வடிகட்டி வைத்து அவர்கள் எடுத்துக்கொண்ட ஒளியும் நீலமே: 443 நானோமீட்டர்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஊருக்கு மேற்கே கல்கூராவுக்குப் போனோம். இன்று அங்கே இருப்பது பால் வைல்ட் ஆய்வகம். 22 மீட்டர் விட்டமுள்ள ஆறு வானொலிக் கிண்ணங்கள், ஐந்து ஒரே தண்டவாளத்தில் கிழக்கு மேற்காக நகர்கின்றன. ஆறாவது மூன்று கிலோமீட்டர் தள்ளித் தனியாக நிற்கிறது. 1988-இல் திறந்தவை. கைப்பேசிகளை அணைத்துவிட்டு நின்றால், காற்றும் கலா பறவைகளின் கூச்சலும் மட்டும். ஒரு கிண்ணம் திரும்பும்போது மற்ற எல்லாமும் அதே நொடியில் திரும்புவது நெஞ்சை நிறைக்கும் காட்சி. இதே வளாகத்தில்தான், பழைய கருவியின் அடுத்த தலைமுறையாக, ஜான் டேவிஸ் தலைமையில் சிட்னி பல்கலைக்கழகம் இன்னொரு விண்மீன் குறுக்கீட்டுமானியை அமைத்தது. ஹேன்பரி பிரவுனின் வட்டத் தண்டவாளம் மட்டும் இன்று இல்லை. வேலை முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். கருவி இல்லாத ஊருக்கு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால், அவர்கள் பார்த்த வானம் அங்கேயே இருக்கிறது என்பேன்.

இரவு ஊரின் விளக்குகள் பின்னால் போகும் வரை ஓட்டிப் போய், பருத்தி வயல்களுக்கு நடுவே மண்சாலை ஓரம் காரை நிறுத்தினோம். சில நிமிடங்கள் கண் இருட்டுக்குப் பழகக் காத்திருந்தோம். பிறகு வானம் இறங்கி வந்தது. அந்த அளவு இருட்டில் பால்வீதி வெளிச்சமான ஒரு பொருளாகவே இருக்கிறது. தெற்கே சிலுவை விண்மீன்கள் உயரத்தில். அதை ஒட்டிக் கரித்திட்டு என்கிற இருண்ட பகுதி. கமிலராய் மக்களுக்கு அது ஈமுப் பறவையின் தலை. நாம் விண்மீன்களைக் கோடு போட்டு உருவம் காண்கிறோம். அவர்கள் விண்மீன்கள் இல்லாத இருட்டில் உருவம் கண்டார்கள். தலையும் நீண்ட கழுத்தும் உடலுமாக அந்த ஈமு பால்வீதி நெடுகப் படுத்திருப்பதை ஒருமுறை பிடித்துவிட்டால் கண் அதை விடுவதில்லை. தென்மேற்கில் தாழ அகத்தியர் விண்மீன். சென்னையில் அந்த நேரத்துக்கு அவர் எப்போதோ மறைந்திருப்பார்.

சித்திரை வடக்கே இருந்தது. ஏறத்தாழ தலைக்கு மேலே, 71 பாகை உயரத்தில். ஆயினும் அதைப் பார்க்க வடக்கு நோக்கி நிற்க வேண்டும்.

"மாமா, நீங்க ஊர்ல இதை எந்தப் பக்கம் பார்ப்பீங்க?"

"தெற்கே பார்ப்போம் கண்ணு. சென்னையில இது தெற்கு வானத்துல நிக்கும். சுவாதி மேலே, சித்திரை கீழே. இங்கே பாரு, சித்திரை மேலே போயிடுச்சு, சுவாதி கீழே."

அவள் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். கீழே, வட வானத்தின் பாதி உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. தலைக்கு மேல் நாலு விண்மீன்களின் சாய்ந்த நாற்கரமாக அஸ்தம். அஸ்தத்தின் ஒரு பக்கத்தை நீட்டினால் சித்திரையில் முடியும். நம் ஊரில் எப்படியோ அப்படியே. வரிசை மாறவில்லை, தலைகீழாகி இருந்தது. வட அடிவானத்தின் புழுதிக்குள் சப்தரிஷி மண்டலத்தின் வால் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது; மற்ற ரிஷிகள் தெரியவில்லை. பூமி உருண்டை என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரே விண்மீனைத் தெற்கிலும் வடக்கிலும் பார்த்தவனுக்கு அது உடம்பில் தெரியும்.

நள்ளிரவை ஒட்டி அது உச்சத்தைத் தொட்டது. பக்கத்தில் சுவாதியின் ஆரஞ்சு இருந்ததால் சித்திரையின் நிறம் சந்தேகமில்லாமல் தெரிந்தது: வெண்மை, அதன் ஓரத்தில் குளிர்ந்த நீலம். குளிர்ந்த என்கிறோம், ஆனால் 25,000 கெல்வினுக்கு மேல் கொதிக்கிற பரப்பின் நிறம் அது. நம் சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வினுக்குள். அவ்வளவு சூட்டில் விண்மீனின் ஒளி மிகுதியாகப் பொழிவது புற ஊதாவில், 115 நானோமீட்டர் அருகே. அதை நம் காற்று மண்டலம் உள்ளே விடுவதே இல்லை. நம் கண்ணுக்கு எட்டுவது அந்தப் பொழிவின் ஓரம். அதில் நீலம் தூக்கலாக இருக்கிறது. நராப்ரியில் அளந்த அகலங்களையும், 1968-இல் ஏவப்பட்ட ஒரு வானியல் செயற்கைக்கோள் காற்றுக்கு வெளியே நின்று அளந்த புற ஊதா ஒளியையும் சேர்த்துத்தான் சூடான விண்மீன்களின் வெப்பநிலையை நேரடியாகக் கணக்கிட முடிந்தது. 1976-இல் வெளியான அந்த முடிவுகள் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தன. மொத்த ஒளியைப் பரப்பால் வகுத்தால் சூடு. பரப்புக்கு அகலம் வேண்டும். அந்த அகலம் இங்கேதான் கிடைத்தது.

இருநோக்கியை அவளிடம் கொடுத்தேன்.

"ஒண்ணுதானே மாமா தெரியுது? ரெண்டுன்னு சொன்னீங்களே?"

"எந்தத் தொலைநோக்கியிலயும் ஒண்ணாத்தான் தெரியும்மா. அவ்வளவு நெருக்கம்."

சித்திரை இரட்டை விண்மீன். பாட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் 1890-இல் அதன் நிறமாலையைப் படம் எடுத்து, கோடுகள் ஒரு பக்கமும் மறுபக்கமுமாக ஆடுவதைக் கண்டு இதைச் சொன்னார். பெரியது சூரியனைப் போலப் பதினோரு மடங்கு நிறை. ஒளியில் இருபதாயிரம் மடங்கு. சிறியது ஏழு மடங்கு நிறை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கோடி கிலோமீட்டர். சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நெருக்கத்தில் ஒன்றையொன்று நான்கு நாளில் ஒருமுறை சுற்றி வருகின்றன. ஈர்ப்பு இழுத்ததில் இரண்டும் முட்டை வடிவமாக நீண்டிருக்கின்றன. முட்டையின் அகன்ற பக்கம் நம்மை நோக்கும்போது ஒளி இம்மி கூடுகிறது, முனை நோக்கும்போது குறைகிறது. கருவிக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பெரியது இன்னொரு துடிப்பும் துடித்துக்கொண்டிருந்தது, சுமார் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பி அடங்குவதாக. அந்தத் துடிப்பை 1960-களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே அது தேய்ந்து போயிற்று. இத்தனை பெரிய ஒன்று நம் கண்ணெதிரே சில ஆண்டுகளில் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது.

நராப்ரியின் ஆடிகள் சித்திரையை நோக்கியபோது நடந்தது இன்னும் அழகு. ஒற்றை விண்மீனாக இருந்தால் ஒற்றுமை, தூரம் கூடக் கூடச் சீராகத் தேயும். இங்கே நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. இரண்டு விண்மீன்களும் சுழன்று இடம் மாறுவதை அந்த ஏற்ற இறக்கத்தில் படித்தார்கள். ஹெர்பிசன்-எவன்ஸ், ஹேன்பரி பிரவுன், டேவிஸ், ஆலன் ஆகியோர் 1971-இல் வெளியிட்ட முடிவில் சுற்றுப்பாதையின் கோண அளவு இருந்தது, பெரிய விண்மீனின் கோண அகலம் இருந்தது: விகலையின் பத்தாயிரத்தில் ஒன்பது பங்கு. நிறமாலையோ அந்தப் பாதையைக் கிலோமீட்டரில் சொல்கிறது. ஒரே பாதை, கோணத்திலும் தெரியும், கிலோமீட்டரிலும் தெரியும் என்றால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது வெறும் வடிவகணிதம். 84 பார்செக் என்றார்கள், ஏறக்குறைய 274 ஒளியாண்டு. பிற்பாடு ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் இடமாறு கோணத்தை அளந்தபோது கிடைத்தது சுமார் 250. ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே கம்பி இழுத்துக் கட்டி, 1971-இல் அவ்வளவு அருகே வந்திருக்கிறார்கள்.

அந்தச் செயற்கைக்கோளின் பெயரும் சித்திரையோடு தொடர்புடையது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ், தனக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு டிமோகாரிஸ் குறித்துவைத்த சித்திரையின் இடத்தைத் தன் அளவோடு ஒப்பிட்டார். இரண்டு பாகை நகர்ந்திருந்தது. வானத்தின் சட்டகமே மெல்ல நழுவுகிறது என்று அதிலிருந்து கண்டார். அந்த நழுவலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அயன சலனம். நம் புத்தாண்டு மார்ச் சமநாளுக்கு வராமல் ஏப்ரல் பாதிக்குத் தள்ளிப்போயிருப்பது அதனால்தான். எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்விக்கு 1955-இல் இந்திய அரசின் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு சித்திரையை அடிப்படையாகக் கொண்டு பதில் சொன்னது. குழுவின் தலைவர் மேக்நாத் சாஹா. விண்மீனின் சூட்டுக்கும் அதன் நிறமாலைக் கோடுகளுக்கும் உள்ள உறவை 1920-இல் சமன்பாடாக எழுதியவரும் அவரே. சித்திரையின் நிறமாலையில் ஹீலியக் கோடுகள் ஏன் தெரிகின்றன, சூரியனுடைய மேற்பரப்பில் ஏன் தெரிவதில்லை என்று அந்தச் சமன்பாடு சொல்லும். நாட்காட்டிக்கு ஆணியடிக்க அந்த விண்மீனைத் தேர்ந்த குழுவின் தலைமையில், அதன் உடம்பு எத்தகையது என்று உலகிலேயே நன்கறிந்தவர்களில் ஒருவர் இருந்தார். நம் பஞ்சாங்கத்தின் அசையாத புள்ளி, நான்கு நாளுக்கு ஒருமுறை சுழலும் இரண்டு பெருநெருப்புகள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் மண்சாலையில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் ஒன்று கேட்டாள்: இப்போது பார்க்கிற ஒளி எப்போது கிளம்பியது? 250 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கேப்டன் குக் 1770-இல் இந்தக் கண்டத்தின் கிழக்குக் கரையோரம் கப்பல் ஓட்டிய காலத்தை ஒட்டி. அன்று இந்த வயல்கள் இல்லை. நமோய்க் கரையில் கமிலராய் மக்கள் மட்டுமே. அவள் வெகுநேரம் இருநோக்கியை இறக்கவில்லை.

ஹேன்பரி பிரவுன் 2002-இல் இங்கிலாந்தில் காலமானார். அவருடைய முறை அவர் காலத்திலேயே கிடப்பில் போடப்பட்டிருந்தது. நேர்த்தியான மைக்கல்சன் வகைக் கருவிகள் வளர்ந்துவிட்டன. இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. அரிசோனாவில் காமா கதிர்களைப் பிடிப்பதற்காக நிறுத்தியிருக்கும் வெரிட்டாஸ் தொலைநோக்கிகள் நான்கு. ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம். நராப்ரியின் ஆடிகளைப் போலவே சிறு கண்ணாடிகளைச் சேர்த்துக் கட்டியவை. நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில் காமா கதிர் வேலை குறைகிறது. அந்த நேரத்தில் அவற்றை விண்மீன் பக்கம் திருப்பி, ஏற்ற இறக்கங்களைக் கணினியில் பதிவுசெய்து பிறகு ஒப்பிட்டார்கள். 2020-இல் வந்த முதல் முடிவுகள் இரண்டு நீல வெண் விண்மீன்களைப் பற்றியவை: ஒன்று பெருநாய் மண்டலத்தில், மற்றது ஓரியனின் இடைக்கச்சையின் நடுவில். சிலியில் எழுந்துகொண்டிருக்கும் அடுத்த தொலைநோக்கி வரிசையில் ஆடிகளுக்கு இடையே கிலோமீட்டர் கணக்கில் தூரம் கிடைக்கும். சித்திரையின் முட்டை வடிவத்தையே படமாக எழுத அந்தத் தூரம் உதவும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து அதைப் பார்க்க எந்தப் பயணமும் வேண்டாம். மே மாதப் பாதியில் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நின்று, அடிவானத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கண்ணை உயர்த்துங்கள். ஏறத்தாழ தலைக்கு மேலே ஆரஞ்சாக எரிவது சுவாதி. அதற்குத் தெற்கே, அந்தப் பகுதியில் தனியாக, நீலம் கலந்த வெண்மையில் நிற்பது சித்திரை. சற்று மேற்கே தள்ளிச் சிறிய நாற்கரமாக அஸ்தம். நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். இருநோக்கி இருந்தால் சுவாதியையும் சித்திரையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், நிறம் உடனே பிடிபடும்.